"எனக்கு ஏலாது" என்று பிள்ளை சொல்லும்போது: தன்னாற்றல் நம்பிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் தரம் 10, 11 மாணவருக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் நான். மாலை வகுப்பு முடிந்து சோக்குப் படிந்த கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தால், மதிலோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு தந்தையோ, மடக்கிய குடையோடு ஒரு தாயோ காத்து நிற்பது வழக்கம். அவர்கள் கேட்பது பெரும்பாலும் கணிதத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "பிள்ளை தனக்கு ஏலாது எண்டு சொல்லுது சேர், என்ன செய்யிறது?" என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கும் அதையொட்டி வரும் வேறு சில கேள்விகளுக்கும், உளவியல் ஆய்வுகளில் படித்ததையும் வகுப்பறையில் கண்டதையும் சேர்த்து இங்கே விடை எழுதுகிறேன்.

தன்னாற்றல் நம்பிக்கை என்பது என்ன? எல்லோரும் சொல்லும் தன்னம்பிக்கையும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. தன்னம்பிக்கை என்று பொதுவாகப் பேசும்போது, ஒருவர் தம்மைப் பற்றி மொத்தமாகக் கொண்டிருக்கும் நல்லெண்ணத்தையே குறிக்கிறோம். தன்னாற்றல் நம்பிக்கையோ ஒரு குறிப்பிட்ட வேலையைப் பற்றியது. இந்தச் சூழலில், இந்தக் காரியத்தை, இந்த அளவுக்கு என்னால் செய்து முடிக்க ஏலுமா என்று ஒருவர் தமக்குள் போட்டுப் பார்க்கும் கணக்கு அது. காற்றின் போக்கைப் பார்த்துத் தயக்கமின்றிப் படகை இறக்கும் மீனவர், வங்கியில் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னால் பேனாவைப் பிடித்தபடி நின்றுவிடுகிறார். வாணி விழாவில் மண்டபம் நிறைந்த கூட்டத்தின் முன் தேவாரம் பாடிய பிள்ளை, மறுநாள் கரும்பலகையில் ஒரு பின்னத்தைச் சுருக்க அழைத்தால் தலையைக் குனிந்துகொள்கிறது. இருவருக்கும் தன்னம்பிக்கை இல்லை என்று சொல்வது பிழை. ஒரு வேலையில் இருக்கும் நம்பிக்கை இன்னொன்றில் இல்லை, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு நடைமுறையில் பெரிதும் பயன்படுவது. "உனக்கு நம்பிக்கை இருக்கிறதா?" என்று கேட்டால் பிள்ளை ஆமென்று தலையாட்டும்; அதிலிருந்து நாம் எதையும் அறியமாட்டோம். "இருபடிச் சமன்பாடு ஒன்றைக் காரணிப்படுத்தித் தீர்க்க உன்னால் ஏலும் என்று 0 முதல் 100 வரை எவ்வளவு உறுதியாகச் சொல்வாய்?" என்று கேட்டால் 20 என்றோ 70 என்றோ ஓர் எண் வரும். அந்த எண்ணிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது?

கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய அல்பேர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977 இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையே இதற்கு அடித்தளம். பாம்பென்றால் நடுங்கும் மனிதர்களோடு அவர் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. சிலர், வேறொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்க்க மட்டும் செய்தனர். வேறு சிலர், துணைக்கு ஒருவர் பக்கத்தில் நிற்க, படிப்படியாக நெருங்கித் தொட்டுப் பார்த்து இறுதியில் பாம்பைத் தாமே கையில் எடுத்தனர். பார்த்தவர்களுக்கும் பயன் இருந்தது. ஆனால் தாமே செய்தவர்களிடம் "என்னால் ஏலும்" என்ற எண்ணம் அதைவிட வலுவாக எழுந்தது. அதோடு, எந்தப் படிவரை தம்மால் ஏலும் என்று ஒருவர் முன்கூட்டிச் சொன்னாரோ, அனேகமாக அந்தப் படிவரையே அவர் போனார்.

இத்தகைய ஆய்வுகளிலிருந்து பண்டுரா நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார். தானே செய்து வென்ற அனுபவம் எல்லாவற்றிலும் வலுவானது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது அடுத்தது. நம்பத்தக்க ஒருவரின் சொல் மூன்றாவது. அந்த வேளையில் தன் உடலும் மனமும் இருக்கும் நிலையை ஒருவர் எப்படிப் பொருள்கொள்கிறார் என்பது நான்காவது.

இதைப் படித்தபோது எனக்கு உப்புவெளிக் கடற்கரையே நினைவுக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, எங்கள் பகுதியில் பல குடும்பங்கள் பிள்ளைகளைக் கடலில் இறங்க விடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, கடற்கரைக்குப் போனாலும் ஈர மணலில் கால் வைக்காமல் தாழைப் பற்றையோரம் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய மச்சாள் ஒருத்தி, கடல் குளம்போல அடங்கிக் கிடக்கும் வைகாசி, ஆனி மாதங்களில் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் நாள் நுரை வந்து தொடும் இடத்தில் நின்றார்கள், அவ்வளவே. சில நாள் கழித்துக் கணுக்கால், பிறகு முழங்கால். இடுப்பளவு நீரில், மச்சாள் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து மிதக்க வைத்தாள். ஒருநாள் அந்தக் கையை எடுத்துவிட்டு, "இப்ப நான் பிடிக்கேல்லை" என்று சொன்னாள். அந்தப் பிள்ளையிடம் அதற்கு முன் கடலைப் பற்றி யாரும் ஆறுதல் சொல்லாமல் இருந்ததில்லை. வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். கை எடுக்கப்பட்ட பிறகும் தன் உடல் மிதந்ததை அவளே அறிந்ததுதான் மாற்றத்தைக் கொண்டுவந்தது.

நம்பினால் மட்டும் புள்ளி கூடிவிடுமா? நம்பிக்கை எப்படி வேலையாக மாறுகிறது?

நம்பிக்கை நேரடியாகப் புள்ளியாக மாறுவதில்லை. எந்த வேலையைத் தொடுவது, எவ்வளவு உழைப்பது, இடையில் தடுக்கினால் எவ்வளவு நேரம் விடாமல் இருப்பது, அந்த நேரத்தில் மனம் எதில் ஈடுபட்டிருப்பது ஆகியவற்றை அது தீர்மானிக்கிறது. அவை வழியாகவே விளைவு வருகிறது.

விடைத்தாள் திருத்துபவர்களுக்கு இது கண்ணுக்குத் தெரியும். "எனக்கு ஏலாது" என்று முடிவெடுத்த பிள்ளையின் தாளில் வினா இலக்கம் இருக்கும், தரப்பட்ட தரவு அழகாக எழுதப்பட்டிருக்கும், கீழே ஒரு வரி எழுதி அழித்த தடம் இருக்கும், பிறகு வெறுமை. அழிக்கப்பட்ட அந்த வரியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பலவேளை அது சரியான வரியாகவே இருக்கும். அடுத்த படி தெரியாமல் போகவே, முதற்படியும் பிழைதான் என்று பிள்ளை எண்ணியிருக்கிறது.

இதை ஆய்வும் உறுதிசெய்கிறது. 1982 இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், கணிதத் திறமை கூடிய, நடுத்தரமான, குறைந்த பிள்ளைகள் என மூன்று பிரிவினர் எடுத்துக்கொள்ளப்பட்டனர். ஒவ்வொரு பிரிவிலும் தம் ஆற்றலை நம்பியவர்களும் நம்பாதவர்களும் இருந்தார்கள். திறமை ஒரே அளவாக இருந்தபோதும், நம்பியவர்கள் கூடுதலான கணக்குகளைச் சரியாகச் செய்தார்கள். பிழையான வழியை விரைவாகக் கைவிட்டார்கள். தவறிய கணக்கைத் திரும்பவும் செய்து பார்க்க முன்வந்தார்கள். 1991 இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, தன்னாற்றல் நம்பிக்கைக்கும் கல்வித் தேர்ச்சிக்கும் இடையிலான இணைபுக் குணகம் (இரண்டும் எவ்வளவு ஒத்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.38 ஆக இருந்தது. இது புறக்கணிக்கக்கூடிய அளவன்று. ஆனால் முழுக் கதையுமன்று. கற்பித்தலின் தரம், அடிப்படை அறிவு, வீட்டின் நிலை ஆகியவை தம் பங்கோடு அப்படியே இருக்கின்றன. அதோடு நம்பிக்கையால் தேர்ச்சி உயர்வது போலத் தேர்ச்சியாலும் நம்பிக்கை உயர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை.

என் மகன் தரம் 10. தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு எப்போதும் 'டபிள்யூ'. எங்கிருந்து தொடங்குவது?

அவனால் இன்றைக்கே செய்யக்கூடிய கணக்கிலிருந்து. அது தரம் 7 கணக்காக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரும்பாலான வீடுகளில் நேர்மாறாக நடக்கிறது. 35 புள்ளி எடுக்காத பிள்ளையிடம் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்து, முழுவதையும் செய்து முடி என்கிறோம். அவன் நாள்தோறும் அதைத் திறக்கிறான், நாள்தோறும் தோற்கிறான். நாம் பயிற்சி கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, தோல்வியைத்தான் தவறாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பண்டுராவும் டேல் ஷங்க் என்பவரும் 1981 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு நல்ல வழிகாட்டி. கழித்தலில் பின்தங்கி, கணிதத்தில் விருப்பமும் இல்லாத பிள்ளைகளுக்கு 42 பக்கங்கள் கொண்ட பயிற்சித் தாள்கள் தரப்பட்டன. வேலைக்கு ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் ஓர் அமர்வுக்கு ஆறு பக்கம் என்று இலக்குச் சொல்லப்பட்டது. இன்னொரு குழுவிடம் ஏழாவது அமர்வின் முடிவில் 42 பக்கமும் முடிய வேண்டும் என்று சொல்லப்பட்டது. மொத்த வேலை ஒன்றேதான். ஆயினும் கிட்டிய இலக்கை வைத்துக்கொண்டவர்கள் நன்றாகக் கற்றார்கள், தம்மால் ஏலும் என்ற எண்ணத்தில் உயர்ந்தார்கள், பிடிக்காதிருந்த பாடத்தில் விருப்பமும் கொண்டார்கள். தொலைவான இலக்கு, இலக்கே சொல்லாமல் விட்டதைவிடப் பெரிதாக உதவவில்லை.

என் வகுப்பில் நான் செய்வது இது. சாதாரண தர முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் 25 சிறு வினாக்கள் உள்ளன. அவற்றில் பிள்ளைக்கு ஓரளவாவது தெரிந்த ஐந்து வகைகளை அவனோடு இருந்தே தேர்ந்தெடுப்பேன். முதல் இரண்டு கிழமையும் அந்த ஐந்து மட்டுமே. ஒரு கொப்பியின் இடப்பக்கத்தில் கணக்கு. வலப்பக்கத்தில் அன்றைய திகதியும், எந்த இடத்தில் தடுக்கியது, எப்படித் தாண்டினான் என்பதை அவனுடைய சொந்தச் சொற்களில் ஒரு வரியும். "சய அடையாளம் விட்டிட்டன், அடைப்பை விரிச்சுப் பாத்துத் திருத்தினன்" என்று எழுதப்பட்ட ஒரு வரி, நான் வைக்கும் பத்துச் சரி அடையாளங்களைவிடப் பெறுமதியானது. ஏனெனில் தாண்டிய விதம் தனக்குத் தெரியும் என்பதற்கு அது அவனுடைய கையெழுத்திலேயே சான்று. அந்த ஐந்தும் கைவந்த பிறகு ஆறாவது, ஏழாவது.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. மிக எளிதான கணக்குகளை மட்டும் கொடுத்துக்கொண்டே போனால், முதன்முறை தடுக்கும்போது பிள்ளை உடைந்துவிடும். சற்றே முயன்றால் எட்டக்கூடிய உயரத்தில் இலக்கு இருக்க வேண்டும். அந்த உயரத்தைக் கண்டுபிடிப்பதே ஆசிரியரின் வேலை. நான் இன்னும் ஒவ்வொரு பிள்ளையிடமும் புதிதாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"உன்னால் முடியும்" என்று ஊக்கப்படுத்தினால் போதாதா? கெட்டிக்காரன் என்று பாராட்டுவது நல்லதுதானே?

சொல்லுக்கு வலிமை உண்டு. ஆனால் அதைத் தாங்கச் செயல் வேண்டும். "உன்னால் முடியும்" என்று சொல்லி அனுப்பிய பிள்ளை போய்த் தோற்றுத் திரும்பினால், தன் மீதுள்ள நம்பிக்கையோடு உங்கள் சொல்லின் மீதுள்ள நம்பிக்கையையும் இழந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்து நடத்தப்படும் ஊக்கப் பேச்சுகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம். பேச்சு முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம், அன்றிரவு செய்வதற்கு ஒரு கணக்காவது இருக்க வேண்டும்.

பாராட்டைப் பொறுத்தவரை, குளோடியா முல்லர், கரோல் டுவெக் ஆகியோர் 1998 இல் வெளியிட்ட ஆய்வை எல்லாப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சில புதிர்களைச் செய்து முடித்ததும், சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு எல்லோருக்கும் கடினமான புதிர்கள் கொடுக்கப்பட்டன, எல்லோரும் தடுமாறினர். அதன் பின் மீண்டும் எளிய புதிர்கள் வந்தபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். புத்திசாலித்தனம் ஒரு பட்டமாகிவிட்டால், ஒவ்வொரு பிழையும் அந்தப் பட்டத்தைப் பறிப்பதாகத் தோன்றும் அல்லவா?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, மாலையும் படமுமாகக் கொண்டாடப்பட்ட பிள்ளைகளில் சிலர் தரம் 8, 9 இல் கடினமான பாடங்களைத் தொடவே அஞ்சுவதை நான் கண்டிருக்கிறேன். கொண்டாட வேண்டாம் என்று சொல்லவில்லை. "நீ கெட்டிக்காரி" என்பதோடு நிறுத்தாமல், "அந்தப் பின்னக் கணக்கை மூன்றுதரம் அழித்து அழித்துச் செய்தாயே, அதனால்தான் வந்தது" என்று, கண்ட ஒன்றைச் சுட்டிச் சொல்லுங்கள். காணாத முயற்சியைப் புகழவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும்.

பெரியப்பாவின் மகளைப் பார், ஒன்பது 'ஏ' எடுத்திருக்கிறாள் என்று சொல்வது தூண்டுதலாக இருக்காதா?

பெரும்பாலும் இருக்காது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காணும்போதே "அவளுக்கு ஏலுமென்றால் எனக்கும் ஏலும்" என்ற எண்ணம் பிறக்கும். எட்டாத உயரத்தில் இருப்பவரைக் காட்டினால், "அவள் வேறு, நான் வேறு" என்பதே பதிலாக வரும். போன வருடம் இதே பாடத்தில் 'டபிள்யூ' எடுத்து, இந்த வருடம் 'சி' எடுத்த அயல்வீட்டு அண்ணா ஒருவர் உங்கள் பிள்ளையோடு அரை மணித்தியாலம் இருந்து, தான் எங்கே தடுமாறினேன், எப்படி மீண்டேன் என்று கதைத்தால், அது அந்த ஒன்பது 'ஏ'யைவிடப் பயன் தரும். ஆசிரியரும் கரும்பலகையில் ஒருபோதும் பிழை விடாதவராகத் தோன்ற வேண்டியதில்லை. "இந்த வழி வரவில்லை, வேறு வழி பார்ப்போம்" என்று நான் அழித்து எழுதும் நாள்களில், பின்வாங்கில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

பரீட்சை மண்டபத்தில் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. எனக்கு ஏலாது என்பதற்கு அது அடையாளமா?

அல்ல. உடல் ஒரு வேலைக்கு ஆயத்தமாகும்போது இதயம் வேகமாக அடிக்கும். மாவட்ட மட்டப் போட்டியில் ஓட்டக் கோட்டில் நிற்கும்போதும் அப்படித்தான் அடிக்கிறது. அங்கே அதை யாரும் பயமென்று சொல்வதில்லை. 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாடுவதற்கோ பேசுவதற்கோ கணக்குச் செய்வதற்கோ முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று தமக்குள் பொருள்கொண்டவர்கள், தம்மை அமைதிப்படுத்திக்கொள்ள முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடப்பு அடங்கும்வரை காத்திருக்காமல், நன்றாகத் தெரிந்த ஒரு வினாவைத் தேடி அதை முதலில் எழுதுங்கள். ஆனால் தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, வாழ்வதில் சலிப்பு ஆகியவை கிழமைக்கணக்கில் தொடர்ந்தால், அதை ஊக்கக் குறைவு என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

நம்பிக்கை அளவுக்கு மீறினால் கெடுதல் இல்லையா?

உண்டு. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று எங்கள் ஊரில் சொல்வது வெறும் பழமொழியாக அல்ல. மார்கழி, தை மாதங்களில் கடல் கொந்தளிக்கும்போது அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். ஜெஃப்ரி வான்கூவர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2000களின் தொடக்கத்தில் ஒரு புதிர் விளையாட்டைக் கொண்டு செய்த ஆய்வுகளில், நம்பிக்கை செயற்கையாக உயர்த்தப்பட்டவர்கள் கவனம் தளர்ந்து, தருக்கப் பிழைகள் கூடுதலாக விட்டார்கள். பயிற்சியைத் தொடங்கவும் தொடரவும் நம்பிக்கை வேண்டும். இவ்வளவு ஆயத்தம் போதுமா என்று தீர்மானிக்கும் இடத்தில் சிறிது ஐயம் வேண்டும். "இந்தப் பாடம் எனக்குத் தெரியும்" என்று சொல்லும் பிள்ளையிடம் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கணக்கைச் செய்து காட்டச் சொல்வதே எளிய பரிசோதனை.

எங்கள் பாடசாலையில் கணித ஆசிரியரே நிரந்தரமாக இல்லை. இங்கே நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது நியாயமா?

வெருகல் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் கேட்ட கேள்வி இது. நான் இதை மிகவும் மதிக்கிறேன். ஆசிரியர் இல்லாத குறையைப் பிள்ளையின் மனநிலை மீது சுமத்துவது அநீதி. இல்லாத பாலத்தை நம்பிக்கையால் கடக்க முடியாது. பண்டுராவே இரண்டைப் பிரித்துச் சொன்னார்: "இதை என்னால் செய்ய ஏலுமா" என்பது ஒன்று, "செய்தால் பயன் கிடைக்குமா" என்பது வேறொன்று. போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்த எங்கள் மாவட்டத்தில், முதலாவதில் குறைவில்லாதவர்கள்கூட இரண்டாவதில் தளர்ந்து போயிருக்கிறார்கள். "படிச்சும் என்ன" என்ற சொல் சோம்பலிலிருந்து வருவதில்லை, கண்டதிலிருந்து வருகிறது.

மாட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967 இல் நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், தப்ப வழியில்லாமல் மின்னதிர்ச்சிக்கு ஆளானவை, பின்னர் வழி இருந்தபோதும் தப்ப முயலவில்லை என்று கண்டார்கள். செயலற்றுப்போவதை அவை கற்றுக்கொண்டன என்றே அக்காலத்தில் விளக்கினார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016 இல், அதே இருவரும் தம் விளக்கத்தைத் தலைகீழாகத் திருத்தினார்கள்: நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது உயிர்களின் இயல்பு, தன் செயலால் நிலைமை மாறும் என்பதே கற்றுக்கொள்ளப்படுவது. எனக்கு இது மிகுந்த ஆறுதல் தந்த செய்தி. கற்றுக்கொள்ளப்படுவது எதுவோ, அதை நாம் கற்பிக்கலாம்.

பண்டுரா பிறந்த முண்டாரே என்ற இடம், கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திலுள்ள ஒரு சிற்றூர். அவர் படித்த உயர்நிலைப் பாடசாலையில் ஆசிரியர்கள் இரண்டே பேர். பாடநூல்களும் போதாமையால், மாணவர்கள் பெரும்பகுதியைத் தாமே கற்க வேண்டியிருந்தது. பாடநூலின் விடயம் காலத்தால் பழையதாகிவிடும், தானாகக் கற்கும் பழக்கம் நிலைக்கும் என்பதை அங்கே உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அதற்காக ஆசிரியர் இல்லாமலே விடலாம் என்று பொருளில்லை. ஆசிரியர் நியமனத்துக்காகப் பெற்றோர் ஒன்றுகூடி வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்பதும் தன்னாற்றல் நம்பிக்கையின் ஒரு வடிவமே. ஒரு குழுவாகச் சேர்ந்து எங்களால் ஏலும் என்ற நம்பிக்கையையும் பண்டுரா தனியாக ஆராய்ந்திருக்கிறார். மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில், நான்கைந்து பிள்ளைகள் ஒரு வீட்டு விறாந்தையில் கூடி, ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

எனக்கு நாற்பது வயதாகிறது. இனி எனக்கு இது பொருந்துமா? எவ்வளவு காலம் எடுக்கும்?

பொருந்தும். பாம்புக்கு அஞ்சி வந்தவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்களே. பல ஆண்டு அச்சம் சில மணித்தியாலப் படிப்படியான பயிற்சியில் நீங்கியது. கணிதம் போன்ற ஒன்றுக்கு அவ்வளவு விரைவை எதிர்பார்க்க இயலாது. என் வகுப்பில் முதல் மாற்றம் தெரிய இரண்டு தவணைகூட ஆவதுண்டு. அதுவும் புள்ளியில் அல்ல, அழிக்காமல் விடப்பட்ட வரிகளில்தான் முதலில் தெரியும்.

மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகத் தையல் வேலையை முடித்துவிட்டு, சனிக்கிழமைகளில் கடைசி வாங்கில் வந்து இருக்கும் ஒரு தாய் இருக்கிறார். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் படிப்பை விட்டவர். முதல் மாதம் விடையைக் கையால் மூடிக்கொண்டே எழுதுவார். துணி வெட்டும்போது நீங்கள் நாளாந்தம் செய்வது விகிதக் கணக்குத்தான் என்று சொல்லி, ஒரு சட்டையின் அளவுகளைக் கொண்டே சில கணக்குகளை எழுதிக் கொடுத்தேன். போன சனிக்கிழமை கொப்பியைத் திறந்து என் மேசையில் வைத்து, "சேர், மூண்டாவது கணக்கு பிழை எண்டு நினைக்கிறன், நீங்கள் தந்த அளவுதான் பிழை" என்றார். பார்த்தேன், நான் எழுதிய அளவுதான் பிழை.